அடையாளம் காட்ட வந்தவள்

அவன்தானா என்று கேட்டால் ஆமாம் என்று சொல்லிவிட வேண்டும், உள்ளே கிடப்பது எவனாக இருந்தாலும் சரி. தனக்கொடி இதை ஈரோட்டில் ரயில் ஏறியபோதே முடிவு செய்துவிட்டாள். பொதுப்பெட்டியில் கக்கூஸ் கதவோரம் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்து வந்த அத்தனை தூரமும் அந்த ஒரு வார்த்தையைத்தான் வாய்க்குள் உருட்டிக்கொண்டு வந்தாள். இவன்தான். இந்தியில் எப்படிச் சொல்வது? யஹி ஹை. கோழிப்பண்ணையில் கூட வேலை செய்யும் ஒடிசாப் பெண்களிடம் பழகிய இந்தி, தண்ணீர் கேட்கவும் தீவன மூட்டையைத் தள்ளச் சொல்லவும் போதுமாக இருந்த இந்தி, இப்போது ஒரு பிணத்துக்குப் பேர் வைக்கப் போகிறது. நாக்பூரின் அந்தப் பெரிய ஆஸ்பத்திரிக்குப் பின்னால், பிணவறைக்கு எதிரே கிடந்த சிமெண்டு பெஞ்சில் அவள் உட்கார்ந்திருந்தாள். சேலையைத் தாண்டித் தொடையைச் சுட்டது பெஞ்சு. இப்படி ஒரு வெயிலை அவள் நாமக்கல் பக்கம் கண்டதில்லை. காற்றே தகரத்தைக் காய்ச்சி மேலே எறிகிற மாதிரி வந்தது. டாக்டர் சாப்பிடப் போயிருக்கிறார், வந்ததும் கூப்பிடுகிறேன் என்று போலீஸ்காரர் சொல்லிவிட்டுப் போயிருந்தார். போவதற்கு முன்னால் ஒரு பிளாஸ்டிக் பையிலிருந்து சட்டையை உதறிக் காட்டினார். புருஷன் சென்னியப்பனின் சட்டைதான். நடுப் பித்தான் அறுந்தபோது வெள்ளை நூல் இல்லாமல் சிவப்பு நூலில் தைத்தாள். அதற்காக அவள் தலையைச் சுவரில் மோதினான். சட்டைப் பையில் அவனுடைய லைசென்ஸ் இருந்ததாம். ஊருக்கு வெளியே தண்டவாளத்தில் கிடந்தானாம். முகம், என்று சொல்லிப் போலீஸ்காரர் உள்ளங்கையால் காற்றைத் துடைத்துக் காட்டினார். முகம் இல்லை. முகம் இல்லை என்றால் அவனில் மிச்சம் என்ன இருக்கிறது, கைதான் இருக்கும், அந்தக் கையைப் பார்த்தால் போதும் என்று நினைத்தாள். 

கூட வர ஆள் இல்லை. சென்னியப்பனின் அண்ணன் வாசலில் நின்றபடியே, அவனுக்கும் எனக்கும் ஒண்ணுமில்ல அம்மணி, நீயே போய் என்ன ஏதுன்னு பாத்துக்க என்று சொல்லிவிட்டார். மாமியார் மட்டும் பஸ் வரைக்கும் வந்து, அது என் பையனா இருக்காது, இருந்துச்சுன்னா அது உன்னோட வாயிதான் கொன்னுருக்கும் என்றாள். வாயா? தனக்கொடி வாயால் ஒருவனைக் கொல்ல முடியும் என்றால் அவன் எத்தனை தடவை செத்திருக்க வேண்டும்! பண்ணையில் குஞ்சுகளுக்கு மூக்கு வெட்டுகிற வேலை அவளுக்கு. பழுக்கக் காய்ந்த தகட்டில் குஞ்சின் அலகை வைத்து அழுத்தினால் சுர்ரென்று ஒரு சத்தம், தீய்ந்த கொம்பு வாசம், அடுத்த குஞ்சு. ஒன்றை ஒன்று கொத்திக் கொன்றுவிடாமல் இருக்கத்தான் வெட்டுகிறோம் என்று பண்ணைக்காரர் சொல்வார். ஒவ்வொரு குஞ்சின் கழுத்தும் கைக்குள் துடிக்கும்போது இது அவன், இது அவன் விரல், இது அவன் நாக்கு என்று எண்ணிக்கொண்டு அழுத்தியிருக்கிறாள். பிறகு குஞ்சைப் பார்த்தால் பாவமாக இருக்கும். லாரியில் அவன் தூங்குகிறபோது ஒரு தடவை வீல் ஸ்பேனரைக் கையில் எடுத்துப் பார்த்தாள். கனமாக, குளிர்ச்சியாக, கைக்கு அடக்கமாக இருந்தது. வாயைப் பிளந்துகொண்டு குறட்டை விட்டான். நெற்றிப்பொட்டில் ஒரே அடி. ஸ்பேனரைத் திரும்ப வைத்துவிட்டாள். பயத்தால் இல்லை, ஜெயிலுக்குப் போனால் வாரம் ஒருமுறை யார் சோறு கொண்டு வருவார்கள் என்ற யோசனை வந்தது. அவ்வளவு சின்ன யோசனை அவனைக் காப்பாற்றியது. அதற்கு முந்தின வருசம்தான் வயிற்றில் இருந்தது போனது. அது தானாகப் போகவில்லை. காலால் உதைத்தான். ஆஸ்பத்திரியில் வழுக்கி விழுந்துவிட்டாள் என்று அவனே சொன்னான், நர்சம்மாவுக்கு ஆரஞ்சுப் பழம் வாங்கிக் கொடுத்தான். நாக்பூரிலிருந்து லோடு வந்த ஆரஞ்சு. எங்க ஊர்ப் பக்கம் இவ்வளவு இனிப்பு கிடையாதுங்க சிஸ்டர் என்று சிரித்தான். அந்த ஊரா இது. ஸ்டேஷனிலிருந்து வரும் வழியில் தள்ளுவண்டி தள்ளுவண்டியாக ஆரஞ்சு குவிந்திருந்தது, அவளுக்கு வாயில் உப்பு ஊறியது.

சரி, உள்ளே கிடப்பவன் அவன் இல்லை என்றால்? ரயிலில் இந்த இடத்துக்கு வந்ததும் நினைப்பு சிக்கிக்கொள்ளும், முள்ளில் மாட்டிய சேலை மாதிரி இழுக்க இழுக்கக் கிழியும். இல்லை என்றால் அவன் எங்கேயோ இருக்கிறான், வருவான். ஆனாலும் இவன்தான் என்று இவள் சொல்லிவிட்டால் அரசாங்கத்துக்கு அவன் செத்தவன். எரித்தாயிற்று, சாம்பல் கரைத்தாயிற்று. அதற்கப்புறம் ஒருநாள் கதவைத் தட்டிக்கொண்டு வந்து, ஏ புள்ள, சோத்தப் போடு என்பான். போடலாம். போட்டுவிட்டு அந்த ஸ்பேனரை எடுக்கலாம். இந்தத் தடவை வைக்க வேண்டியதில்லை. செத்தவனைக் கொன்றால் கேஸ் ஏது? யாரைக் கொன்றாய் என்று கேட்டால் சென்னியப்பனை என்று எவனும் சொல்ல முடியாதே, அவன்தான் நாக்பூரில் வெந்துவிட்டானே. கோழிக்குழியில் சுண்ணாம்பு போட்டு மூடிவிடலாம். நோய் கண்டு செத்த கோழிகளை அப்படித்தான் மூடுகிறார்கள், மண் கொஞ்ச நாள் உப்பியிருக்கும், பிறகு அமுங்கிவிடும். மண் உப்பியிருப்பதையும் அமுங்குவதையும் அவள் திரும்பத் திரும்பப் பார்த்தாள். அதில் ஒரு நிம்மதி இருந்தது. அந்த நிம்மதியைக் கண்டு அவளுக்கே பயமாகவும் இருந்தது. வெயிலில் பிணவறைக் கதவு ஆடுகிற மாதிரி தெரிந்தது. சுவர் ஒருபக்கம் சாய்ந்தது. காதுக்குள் லாரி ஹாரன் விடாமல் அடித்தது. தரை மேலே வந்தது.

கண் திறந்தபோது தலை ஒருத்தியின் மடியில் இருந்தது. நெற்றியிலும் கழுத்திலும் ஈரத்துணி. யாரென்று தெரியாத ஒரு பெண், ஐம்பது வயதிருக்கும், பச்சைக் கண்ணாடி வளையல், கறுத்து மெலிந்த கை, சொம்புத் தண்ணீரைத் துளித்துளியாக வாயில் விட்டுக்கொண்டிருந்தாள். பெஞ்சின் மறுகோடியில் ஒருத்தி உட்கார்ந்திருந்ததைத் தனக்கொடி முன்பே பார்த்திருந்தாள், ஆளாக மனதில் ஏறவில்லை. அவள் எழுப்பி உட்கார வைத்து, வெங்காயத்தைக் கல்லில் தட்டி மூக்கருகே பிடித்து, மிச்சத்தை இவள் இடுப்பிலேயே செருகிவிட்டாள். இந்த ஊர் வெயிலுக்கு இதுதான் மருந்தாம். பிறகு சோள ரொட்டியைப் பிய்த்து, பச்சைமிளகாய்த் துவையல் தடவி, பிள்ளைக்கு ஊட்டுகிற மாதிரி வாய்க்கு நேராக நீட்டினாள். வேண்டாம் என்று தலையசைத்தாலும் கை இறங்கவில்லை. தின்றாள். முந்தாநாள் சாப்பிட்டது. காரம் ஏறி மூக்கில் நீர் வழிந்தபோது அந்தப் பெண் தன் முந்தானையாலேயே துடைத்துவிட்டாள். துடைக்கும்போது இவளுடைய இடது காதுக்குக் கீழே இருந்த தழும்பைப் பார்த்தாள், பார்த்துவிட்டு ஒன்றும் கேட்காமல் ஈரத்துணியை அதன்மேல் மடித்துப் போட்டாள். தனக்கொடிக்கு ஆத்திரம் வந்தது. எதற்குச் செய்கிறாள் இவள், என்ன வேண்டும் இவளுக்கு? சென்னியப்பனும் இப்படித்தான், அடித்த மறுநாள் மஞ்சள் பத்துப் போடுவான், பத்துப் போடுகிற விரலும் அதே விரல். நல்லது செய்கிற கை எப்போது திரும்பும் என்று பார்த்துக்கொண்டே இருந்தாள். அது திரும்பவில்லை. விசிறிக்கொண்டிருந்தது.

பேர் ஷேவந்தா. செவந்தா என்றுதான் இவள் காதில் விழுந்தது, நம்ம ஊர்ப் பேர் மாதிரியே இருக்கிறதே என்று நினைத்தாள். பாதி இந்தியிலும் பாதி அவள் பாஷையிலும் கையாலும் அவள் சொன்னதில் இவளுக்கு இவ்வளவு புரிந்தது: அவளுக்கு ஒரு தம்பி, தேவிதாஸ், லாரி செட்டில் மூட்டை தூக்குகிறவன். ஹோலிப் பண்டிகையன்று குடித்துவிட்டு வந்தான், அக்கா திட்டினாள், கோபித்துக்கொண்டு போனவன் வீடு திரும்பவில்லை. அப்பா அம்மா இல்லை, அவளுக்குப் புருஷனும் இல்லை, அவன்தான் எல்லாம். அடையாளம் தெரியாத பிணம் வந்திருக்கிறது என்று கேள்விப்படும்போதெல்லாம் வந்து பார்ப்பாள். உள்ளே போகும்போது அவனாக இருக்கக் கூடாது என்று வேண்டிக்கொள்வாளாம். வெளியே வந்த பிறகு, அவனாக இருந்திருந்தால் தேடுவதாவது முடிந்திருக்குமே என்று அழுவாளாம். அதைச் சொல்லிவிட்டுத் தனக்குத்தானே வெட்கப்படுகிற மாதிரி சிரித்தாள். இன்றைக்கு வந்திருப்பதற்குப் பேர் இருக்கிறது, மதராஸி டிரைவர், உனக்கு இங்கே வேலையில்லை, கிளம்பு என்று போலீஸ்காரர் காலையிலேயே சொல்லிவிட்டாராம். பின்னே ஏன் போகவில்லை என்று தனக்கொடி கேட்டாள். கேட்கிற இந்தி முரட்டுத்தனமாகத்தான் வந்தது. ஷேவந்தா யோசித்தாள்.

“நீ தனியா வந்திருந்தே. உள்ளே தனியாப் போறது எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியும்.”

அவ்வளவுதான் சொன்னாள், விசிறியைக் கைமாற்றிக்கொண்டாள். தனக்கொடி தலையைக் குனிந்துகொண்டாள். ஒரு தலையை எப்படிப் பிளப்பது, ஒரு உடம்பை எப்படி மூடுவது என்று இவள் கணக்குப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்த அத்தனை நேரமும், பக்கத்தில் ஒருத்தி இவள் விழுந்துவிடப் போகிறாளே என்று பார்த்துக்கொண்டு இருந்திருக்கிறாள். வெளியில் சொல்லாத நினைப்பு வெளியில் தெரிந்துவிட்ட மாதிரி உடம்பு கூசியது. இவள் நல்லவள் என்று ஒரு மனம் சொன்னது. நல்லவளாக இருந்துவிட்டுப் போகட்டும், நீ வந்த வேலையைப் பார் என்று இன்னொரு மனம் சொன்னது. யஹி ஹை. யஹி ஹை. நாக்கு பழகிக்கொண்டே இருந்தது.

போலீஸ்காரர் வந்து கூப்பிட்டார். ஷேவந்தாவும் எழுந்தாள், சொந்தக்காரர்கள் மட்டும்தான் என்று கையால் மறித்துவிட்டார். அவள் இவளுடைய பையை வாங்கி மார்போடு வைத்துக்கொண்டு வாசலிலேயே நின்றாள். உள்ளே குளிர். வெயிலிலிருந்து வந்த உடம்புக்கு அந்தக் குளிர் அடி மாதிரி விழுந்தது. பினாயில், அதற்கு அடியில் வேறொரு வாசம். அந்த வாசம் அவளுக்குத் தெரியும், கோடையில் கரண்டு போய் ஒரு ஷெட் முழுக்கக் கோழி செத்தபோது வந்த வாசம். தலையைத் துணியால் சுற்றியிருந்தார்கள். துணியைத் தொடவேண்டாம் என்று டாக்டர் சொன்னார், கழுத்துக்குக் கீழே இருந்ததை விலக்கினார். பாதத்தைத்தான் முதலில் பார்த்தாள். இந்தப் பாதம் அவளை உதைத்ததில்லை. விரல்கள் அகன்று, குதிகால் வெடித்து, செருப்பே போடாத பாதம். தோளில் மூட்டை தூக்கித் தூக்கிக் காய்த்த தடிப்பு. முன்கையில் பச்சை குத்தியிருந்தது, அவளுக்குப் படிக்கத் தெரியாத எழுத்து. அவன் இல்லை. உள்ளே ஏதோ ஒன்று பொத்தென்று விழுந்தது, உடனே வேறொன்று எழுந்து நின்றது: பரவாயில்லை, சொல். இவனுக்கு யாரும் இல்லை, முகமும் இல்லை, பேரும் இல்லை. நீ பேரைக் கொடு. அவன் செத்துப்போகட்டும். கதவைத் தட்டிக்கொண்டு வரட்டும். ஸ்பேனர் இப்போது வீட்டில் கட்டிலுக்கடியில் இருக்கிறது. சுண்ணாம்பு பண்ணையில் இருக்கிறது. டாக்டர் கடிகாரத்தைப் பார்த்தார். இவனா, என்று போலீஸ்காரர் கேட்டார். அவள் வாயைத் திறந்தாள். திறந்தபோது கண் அந்தக் கழுத்தில் போய் நின்றது.

வலப்பக்கம் கட்டைவிரல் அளவுக்குக் கன்றிப்போன ஒரு கறுப்பு. இடப்பக்கம், காதுக்குக் கீழே, தோலுக்குள் பதிந்த ஒரு பள்ளம். பள்ளத்தின் நடுவில் படமெடுத்த பாம்பின் தலை மாதிரி ஒரு சின்ன முக்கோணம். சென்னியப்பனின் வெள்ளி மோதிரம். கழுத்தைப் பிடிப்பதற்கு முன்னால் பெருவிரலால் தள்ளி மோதிரத்தை உள்ளங்கைப் பக்கம் திருப்பிக்கொள்வான். நிதானமாகத் திருப்புவான். சட்டைக் கையை மடிப்பது போல அது ஒரு தயாரிப்பு. அந்தத் திருப்பலைப் பார்த்ததும் அவளுக்கு மூத்திரம் பிரிந்துவிடும். இப்போதும் கால்கள் நனைந்துவிடுமோ என்று தொடைகளை இறுக்கினாள். முகமில்லாத இந்த மனுசனுக்கும் அவன் மோதிரத்தைத் திருப்பியிருக்கிறான். பிறகு தன் சட்டையைக் கழற்றி இவனுக்குப் போட்டு, லைசென்ஸைப் பையில் வைத்து, பித்தான்களை ஒவ்வொன்றாகப் பூட்டி, தண்டவாளத்தில் தலையை வைத்து.

“அவன்தான்,” என்றாள் தனக்கொடி.

போலீஸ்காரர் பெருமூச்சு விட்டுக்கொண்டு பேனாவை எடுத்தார். கையெழுத்துப் போடவேண்டிய இடத்தை விரலால் தொட்டுக் காட்டினார். பேனா அவள் கையில் இருந்தது. ஓடிக்கொண்டிருந்த நினைப்பு அந்த இடத்தில் அவளைத் திரும்பிப் பார்த்தது. செத்தவனைக் கொன்றால் கேஸ் ஏது என்று இவள் ரயிலில் யோசித்தாள். செத்தவன் கொன்றாலும் கேஸ் ஏது என்று அவன் அதற்கு முன்னாலேயே யோசித்துவிட்டான். இரண்டும் ஒரே யோசனை. இத்தனை வருசம் அவன் கூடப் படுத்து எழுந்து, அவனுடைய சோற்றைப் பொங்கி, அவனுடைய அடியை வாங்கி, கடைசியில் அவனுடைய மூளையே இவள் தலைக்குள்ளும் வந்து உட்கார்ந்துகொண்டது. இவள் கையெழுத்துப் போட வேண்டும் என்றுதான் அவன் இதைச் செய்திருக்கிறான். இவள் போடுவாள் என்று அவனுக்குத் தெரிந்திருக்கிறது. போட்டுவிட்டுப் போனால், செத்தவன் வந்து வாசலில் நிற்பான், நிதானமாக மோதிரத்தைத் திருப்புவான். திறந்திருந்த கதவு வழியாக வெளிச்சம் கண்ணைக் குத்தியது. அந்த வெளிச்சத்தில் ஷேவந்தா இவள் பையைக் கட்டிக்கொண்டு எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள். எதைப் பார்ப்பதற்கும் இல்லை, இவள் விழாமல் நிற்கிறாளா என்று பார்ப்பதற்கு. லாரி செட்டில் மூட்டை தூக்குகிறவன் என்று அவள் சொன்னது அப்போதுதான் தனக்கொடிக்கு முழுசாகக் கேட்டது. காய்த்துப்போன அந்தத் தோளைத் திரும்பவும் பார்த்தாள்.

பேனாவைக் கீழே வைத்தாள். இல்லை என்றாள். போலீஸ்காரர், இப்போதுதானே ஆமாம் என்றாய் என்று குரலை உயர்த்தினார். கோழிப்பண்ணை இந்தி போதவில்லை, வார்த்தைகள் வரவில்லை, ஈரத்துணியை உருவிப் போட்டுவிட்டுத் தன் கழுத்தைத் திருப்பிக் காட்டினாள். தழும்பைத் தொட்டாள், பிறகு எட்டி, தொடக்கூடாது என்று டாக்டர் சொல்வதற்குள் அந்தப் பள்ளத்தைத் தொட்டாள்.

“இது என் புருஷன் இல்லை. இதைச் செஞ்சது என் புருஷன். அவன் உயிரோட இருக்கான். தேடுங்க.”

டாக்டர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வந்து பிணத்தின் கழுத்தையும் இவள் கழுத்தையும் மாறி மாறிப் பார்த்தார். போலீஸ்காரரிடம் தாழ்ந்த குரலில் ஏதோ சொன்னார். போலீஸ்காரரின் முகம் மாறியது, போனை எடுத்தார். தனக்கொடி வாசலைப் பார்த்து, தீதீ என்று கூப்பிட்டாள். அக்கா என்கிற அந்த ஒரு வார்த்தையைச் சொல்வதற்கு உடம்பிலிருந்த பலம் எல்லாம் வேண்டியிருந்தது. ஷேவந்தா வந்தாள். பாதத்தைப் பார்க்கவில்லை, தோளைப் பார்க்கவில்லை, நேராக முன்கையைத் திருப்பிப் பச்சை எழுத்தைப் படித்தாள். உதடு அசைந்தது. பிறகு அடித்தாள். அந்த மார்பில் ஓங்கி அறைந்தாள், தோளில் குத்தினாள், எங்கடா போனே என்று அவள் பாஷையில் கேட்டுக்கேட்டுக் குத்தினாள், வளையல் உடைந்து கை கிழிந்தது, ரத்தம் அவன்மேல் தெறித்தது, நிறுத்தவில்லை. அடியில் தனக்கொடிக்குத் தெரியாத வகை இல்லை. செருப்படி, பெல்ட்டடி, சத்தம் வராத அடி, சிரித்துக்கொண்டே அடிக்கிற அடி எல்லாம் தெரியும். இப்படி ஒரு அடியை அவள் பார்த்ததில்லை. போலீஸ்காரர் ஷேவந்தாவை இழுக்கக் கை நீட்டினார். தனக்கொடி அந்த மணிக்கட்டைப் பிடித்து நிறுத்தினாள். வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு ஆம்பிளையின் கையைப் பிடித்து நிறுத்தினாள். அவர் உதறவில்லை. ஷேவந்தா அடித்து ஓயும்வரை மற்ற மூன்று பேரும் அப்படியே நின்றார்கள்.

வெளியே வெயில் மஞ்சளாகியிருந்தது. போலீஸ்காரர் ஷேவந்தாவைத் தனியாகக் கூப்பிட்டு வேப்பமரத்தடியில் நிற்க வைத்துச் சொன்னார். அவர் என்ன சொல்கிறார் என்று கேட்கத் தேவையில்லை, நடுவில் ஷேவந்தா திரும்பி இவளைப் பார்த்ததிலேயே தெரிந்தது. தனக்கொடி பெஞ்சில் அசையாமல் உட்கார்ந்திருந்தாள். வரட்டும். வந்து இழுத்துப்போட்டு அடிக்கட்டும், மாமியார் சொன்ன மாதிரி நீதான் கொன்றாய் என்று சொல்லட்டும். அவன் தின்ற சோறு இவள் பொங்கியது, அந்தச் சட்டையின் பித்தான் இவள் தைத்தது. ஓடிவிடலாம், ரயிலடிக்கு வழி தெரியும். ஓடிப்போய் எங்கே இறங்குவது? திருச்செங்கோட்டில் எந்தக் கதவைத் திறந்தாலும் பின்னால் அவன் நிற்பான். பிடிக்கும்வரை நிற்பான், பிடித்த பிறகும் தலைக்குள் நிற்பான். ஷேவந்தா குழாயடிக்குப் போய்க் கையிலிருந்த ரத்தத்தைக் கழுவினாள். முதுகைக் காட்டிக்கொண்டு வெகுநேரம் நின்றாள். தண்ணீர் ஓடிக்கொண்டே இருந்தது. பிறகு குழாயை மூடிவிட்டு வந்து இவளுக்கு முன்னால் நின்றாள்.

“உன் ஆள் உயிரோட இருக்கானா?”

“இருக்கான்.”

அதைக் கேட்டதும் ஷேவந்தாவின் முகத்தில் இருந்தது கோபம் இல்லை. அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள். உள்ளே தம்பியின் பிணத்தைப் போட்டுவிட்டு வந்தவள், இவளுடைய கழுத்தைச் சுற்றிக் கையைப் போட்டு இழுத்துத் தோளில் சாய்த்துக்கொண்டு, எழவு வீட்டில் தாலியறுத்தவளைத் தேற்றுகிற மாதிரி முதுகைத் தடவினாள். ஐயோ பாவமே, ஐயோ பாவமே என்று அவள் பாஷையில் சொல்லிக்கொண்டே தடவினாள். செத்தவனுடைய அக்கா, உயிரோடு இருக்கிறவனுடைய பெண்டாட்டிக்குத் துக்கம் கேட்டாள். பிறகு, இன்று ஊருக்குப் போகவேண்டாம், என் வீட்டுக்கு வா, இவனைத் தூக்கவும் எனக்கு ஆள் இல்லை என்றாள். தனக்கொடி சரி என்றாள்.